கொடைக்கானலில் சிக்கனமாகத் தங்கிச் சுற்ற: ஹாஸ்டல் படுக்கை முதல் மேல்மலை பஸ் வரை

ஒருமுறை கொடைக்கானலில் இரவுக்கு 400 ரூபாய்க்கு ஒரு ஹாஸ்டல் படுக்கை கிடைத்தது. இரண்டு இரவுக்கு 800. ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தபோது டாக்சிக்கு மட்டும் 1,600 ரூபாய் போயிருந்தது. ஏரியிலிருந்து நாலே கிலோமீட்டர் என்று வரைபடம் காட்டிய அந்த வீடு ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருந்தது. வரைபடம் தூரத்தைச் சொல்லும், இறக்கத்தைச் சொல்லாது. இரவு 8 மணிக்குத் தார்ச்சாலை முடியும் இடத்தில் டாக்சிக்காரர் நிறுத்தி, "இதற்கு மேல் வண்டி இறங்காது சார்" என்று சொல்லிவிட்டார். கைப்பேசி வெளிச்சத்தில் மண்பாதையில் இறங்கினால், குறுக்கே ஒரு காட்டெருமை நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அது போகும்வரை இருபது நிமிடம் ஒரு மரத்தோடு மரமாக நின்றேன்.

அன்றிலிருந்து என் கணக்கு மாறிவிட்டது. மலையூரில் படுக்கை வாடகை பெரிய செலவில்லை. படுக்கைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருக்கும் மேடு பள்ளம்தான் செலவு. கீழே சொல்லியிருப்பதில் பாதி அந்த ஒரு பாடத்திலிருந்து வந்தது.

முதலில்: எப்போது ஏறுவது

ஏப்ரலும் மேயும் சீசன். பிரையன்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் பூக்களைவிடத் தலைகளே அதிகம் தெரியும். மற்ற நாட்களில் 500, 600 ரூபாய்க்குக் கிடைக்கும் படுக்கை அப்போது இரண்டு மடங்காகும், அதுவும் கிடைத்தால். பொங்கல், ஆயுதபூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறைகளும் அப்படித்தான்.

ஆனால் சிக்கனமாகப் போக நினைப்பவருக்கு மாதத்தைவிடக் கிழமை முக்கியம். ஞாயிறு மாலை ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கும்போது நீங்கள் மேலே ஏறுங்கள். வியாழன் இரவு தங்கிவிட்டு வெள்ளி காலை இறங்கிவிடுங்கள். அதே ஏரி, அதே படுக்கை, பாதிக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும் நாள் என்பதால், கொஞ்சம் சீக்கிரமே ஏறினால் மலைக் காய்கறியையும் பழத்தையும் பார்த்த மாதிரி இருக்கும்.

மழையைப் பொறுத்தவரை அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோவது இந்த மாதங்களில் புதிதல்ல. ஜூலை, ஆகஸ்டில் தூறலும் காற்றும் மூடுபனியுமாக இருக்கும். காட்சி முனைகளில் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள், ஆனால் வாடகை இறங்கியிருக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகும். அதிகாலையில் புல்வெளிகளில் உறைபனி படியும். என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை போகச் சொல்வேன். வானம் தெளிவாக இருக்கும், பள்ளிகளில் பாடம் நடக்கும், கூட்டம் குறைவு.

குறிஞ்சி பார்க்கத்தான் போகிறேன் என்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கடைசியாக 2018-இல் பூத்தது. அடுத்தது 2030. நடுவில் "குறிஞ்சி பூத்திருக்கிறது" என்று யாராவது வண்டிக்கு ஆள் சேர்த்தால், அது பெரும்பாலும் வேறு வகைக் குறிஞ்சியாக இருக்கும்.

ஏறும் வழி

கொடைக்கானல் ரோடு என்ற பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் இன்றும் உண்டு. அது ரயில் நிலையத்தின் பெயர். அங்கிருந்து கொடைக்கானல் சுமார் 80 கிலோமீட்டர். சென்னையிலிருந்து இரவு புறப்படும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் அங்கே கொண்டுவந்து விட்டுவிடும். நிலையத்து வாசலில் நிற்கும் வாடகைக் கார்கள் நான்கு பேராகப் பகிர்ந்துகொண்டால் கட்டுப்படியாகும். தனி ஆளாக வந்தவர் பஸ் பிடித்து வத்தலக்குண்டு போய், அங்கே கொடைக்கானல் பஸ்ஸுக்கு மாறிக்கொள்வதுதான் மலிவு. மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து மலையேறும் பஸ்கள் வத்தலக்குண்டைத் தொட்டுத்தான் போகும்.

மதுரையிலிருந்து வருபவர்கள் ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டும், மாட்டுத்தாவணிக்கு அல்ல. சுமார் 120 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். கோவை, ஈரோடு பக்கமிருந்து வருபவர்களுக்குப் பழனி வழி சௌகரியம். பழனியிலிருந்து கொடைக்கானல் 65 கிலோமீட்டர் அளவு; ஏறும் சாலை ஊருக்குச் சற்று முன்னால் பெருமாள்மலையில் வந்து வத்தலக்குண்டுச் சாலையோடு சேர்ந்துகொள்ளும். பழனிச் சாலையில் வளைவுகள் நெருக்கம். வயிறு பலவீனமானவர்கள் வத்தலக்குண்டு வழியையே பிடித்துக்கொள்வது நல்லது.

தலைசுற்றலுக்கு மாத்திரை போடுவதென்றால் சமவெளியிலேயே போட்டுவிட வேண்டும். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் போட்டால் அது மாத்திரையின் வேலையல்ல, வேண்டுதல். முன்பக்க இருக்கை, திறந்த ஜன்னல், அரை வயிறு, இவை போதும். கடைசி வரிசையில் மட்டும் உட்காராதீர்கள்.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வந்தால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடைக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று கொடைக்கானலுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். அரசுப் பஸ்ஸில் வருபவருக்கு இந்தத் தலைவலி இல்லை. வண்டி நிறுத்த இடம் தேடி ஏரியை மூன்று முறை சுற்றும் வேலையும் இல்லை.

எப்படி வந்தாலும் மாலை 5 மணிக்குள் ஊருக்குள் வந்துவிடுவதுபோல் திட்டமிடுங்கள். நின்ற இடத்தில் ஆட்டோ கிடைக்கும் சமவெளி ஊர் அல்ல இது. டாக்சிதான், இருட்டிய பிறகு அதன் விலை வேறு.

எங்கே தங்குவது: இதில்தான் பணம் மிச்சமாகும்

பஸ் ஸ்டாண்ட் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. அங்கிருந்து ஏழு ரோடு சந்திப்பு, பி.டி. ரோடு எனப்படும் கவிஞர் தியாகராஜர் சாலை, மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக், பிரையன்ட் பூங்கா, ஏரிக்கரை எல்லாமே நடக்கும் தூரம். முதல்முறை வருபவர், தனியாக வருபவர், இரண்டு இரவு மட்டும் தங்குபவர் எல்லோரும் இந்த வட்டத்துக்குள் படுக்கை தேடுங்கள். கோக்கர்ஸ் வாக் பக்கத்தில் முதுகுப்பை மாட்டிய பயணிகள் நீண்ட காலமாகத் தங்கிவரும் இளைஞர் விடுதி வகையறாக்கள் உண்டு. டார்மிட்டரிக் கட்டில் பழையதாக இருக்கலாம், போர்வையில் பாச்சை உருண்டை வாசம் அடிக்கலாம். ஆனால் காலையில் கதவைத் திறந்து இருநூறு அடி நடந்தால் பள்ளத்தாக்கு. 200 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள்; அது ஒரு டாக்சி சவாரியில் திரும்பி வந்துவிடும்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு ஃபெர்ன்ஹில் சாலையில் இருக்கிறது. அரசு விடுதி என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பிடித்தது, சீசனிலும் கட்டணம் எழுதி ஒட்டியபடி இருப்பது. குழுவாக வருபவர்கள் பொதுப் படுக்கை அறை கிடைக்குமா என்று கழகத்தின் சொந்த இணையதளத்திலேயே பாருங்கள்.

வட்டக்கானல் வேறு உலகம். ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவில் ஒட்டிவைத்தது போன்ற சின்னக் கிராமம். இஸ்ரேலிலிருந்து வரும் இளைஞர்கள் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தங்கிப் பழகிய இடம் என்பதால் ஹீப்ரு எழுத்தில் பெயர்ப் பலகையைப் பார்த்தால் திகைக்க வேண்டாம். நாலைந்து நாள் ஒரே இடத்தில் புத்தகமும் கையுமாகக் கிடக்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தினமும் ஊருக்குள் வந்துபோக நினைப்பவருக்கு இதைவிடச் செலவான இடமும் இல்லை. வாரக் கணக்கில் தங்கினால் வாடகை குறைப்பார்கள், கேட்க வேண்டும்.

வில்பட்டி, பள்ளங்கி, அட்டுவம்பட்டி, பெருமாள்மலை ஆகிய புறப்பகுதிகளில்தான் இன்று புதிய ஹாஸ்டல்களும் ஹோம்ஸ்டேக்களும் முளைக்கின்றன. கட்டில் புதிது, திரைச்சீலை உண்டு, சுவரில் ஓவியம் உண்டு, விலையும் குறைவு. என் 400 ரூபாய்ப் படுக்கை இந்த வகைதான். பைக்கோ காரோ வைத்திருப்பவர்கள் தாராளமாகத் தங்கலாம். பஸ்ஸை நம்பி வருபவர்கள், மெயின் ரோட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருந்தால் மட்டும் பதிவு செய்யுங்கள்.

கூடாரத்தில் தங்க வைக்கிறோம் என்று வரும் விளம்பரங்களை நான் தவிர்த்துவிடுவேன். அனுமதியில்லாமல் நடப்பவை அதில் பல. அனுமதியற்ற கட்டடங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் சீல் வைக்கப்பட்ட ஊர் இது. முன்பணம் கட்டிய இடம் நீங்கள் போகும் நாளில் பூட்டிக் கிடந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

விளம்பரத்தைப் படிக்கும் விதம்

மொட்டைமாடியில் மேகத்துக்கு மேலே நாற்காலி போட்ட படம் இருந்தால், அங்கே போகப் படிகள் எத்தனை என்று கேளுங்கள். காட்சி நன்றாக இருக்கும் வீட்டுக்குச் சாலை நன்றாக இருக்காது. மலையின் நியாயம் அது.

விமர்சனங்களை மதிப்பெண்ணைப் பார்த்துப் படிக்காதீர்கள், மாதத்தைப் பார்த்துப் படியுங்கள். ஜூலையிலும் நவம்பரிலும் தங்கியவர்கள் எழுதியதில் ஈரச் சுவர், பூஞ்சை வாடை, காயாத மெத்தை எல்லாம் வெளியே வரும். மே மாதத்தில் தங்கியவர்கள் எழுதியதில் தண்ணீர்ப் பஞ்சம் தெரியும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி ஓட்டும் விடுதிகள் கொடைக்கானலில் உண்டு. பிப்ரவரியில் தங்கியவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததில் வியப்பில்லை, பிப்ரவரியில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

பிறகு ஒரு போன் போடுங்கள். பதிவுத் தளத்தில் காட்டும் விலையை நேரில் பேசி 50, 100 குறைப்பதற்காக மட்டும் அல்ல. குரலிலேயே பாதி தெரிந்துவிடும். நான் கேட்பது இவ்வளவுதான்: பஸ் ஸ்டாண்டிலிருந்து பையோடு நடந்து வர முடியுமா, கடைசி அரை கிலோமீட்டர் தார்ச்சாலையா மண்பாதையா, இரவு 8 மணிக்கு டாக்சி எவ்வளவு கேட்பார்கள்? மூன்றாவது கேள்விக்கு ஒரு தொகையைச் சொல்பவர் நேர்மையானவர். "பார்த்துக்கொள்ளலாம் சார், வாருங்கள்" என்பவரிடம் போகாதீர்கள்.

வெந்நீரைப் பற்றியும் விவரமாகக் கேட்க வேண்டும். "24 மணி நேர வெந்நீர்" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். சூரிய வெப்பத்தில் ஓடும் தொட்டியென்றால் மூடுபனி நாளில் வெதுவெதுப்புக்கு மேல் வராது. எட்டுப் பேர் இருக்கும் டார்மிட்டரியில் மூன்றாவது ஆளோடு அதுவும் தீர்ந்துவிடும். கீசர் என்றால் மின்தடை நேரத்தில் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். கம்பளி எத்தனை தருவார்கள் என்பது அடுத்தது. ஒன்று என்றால் இன்னொன்று கேட்டால் காசா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். கேம்ப் ஃபயர் கட்டணம், காலைச் சிற்றுண்டிக் கட்டணம் ஆகியவை படுக்கை விலைக்கு வெளியே ஒளிந்திருக்கும்.

பெண்கள் தனியாகத் தங்குவதாக இருந்தால் பெண்களுக்கான டார்மிட்டரி இருக்கிறதா என்பதோடு நிறுத்திவிடாமல், குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே தோட்டத்தைக் கடந்து போக வேண்டுமா என்று கேட்பது அவசியம். இரவு 2 மணிக்கு 9 டிகிரிக் குளிரில் அந்த வித்தியாசம் புரியும். சில ஹாஸ்டல்கள் உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு இடம் தருவதில்லை, சில இடங்களில் வயது வரம்பு உண்டு. அசல் அடையாள அட்டையை எல்லா இடத்திலும் கேட்பார்கள். கைப்பேசியில் இருக்கும் படத்தை ஏற்காத இடங்களும் உண்டு.

முன்பதிவு இல்லாமல் போய் இறங்கினால்? பஸ் படியிலிருந்து கால் தரையில் படுவதற்குள், "ரூம் வேண்டுமா, காட்டேஜ் இருக்கிறது, ஏரிக்குப் பக்கம்தான்" என்று நாலைந்து பேர் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு, அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் அவர்களின் தரகுப் பங்கு உங்கள் வாடகையிலிருந்துதான் போகும். நேராக ஒரு டீக்கடைக்குப் போய், பையைக் கீழே வைத்து, ஒரு டீ குடியுங்கள். அதற்குள் பஸ் காலியாகிவிடும், கூட்டமும் அடுத்த பஸ்ஸுக்கு நகர்ந்துவிடும். பிறகு நடந்துபோய் இரண்டு மூன்று லாட்ஜ்களில் அறையைக் கண்ணால் பார்த்து விலை பேசலாம். வார நாளில் இது நன்றாகவே நடக்கும். சனிக்கிழமை வேண்டாம். கட்டிலைப் பார்க்கும்போது தலையணையை முகர்ந்து பாருங்கள், குழாயைத் திறந்து கை நனையுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

டார்மிட்டரியில் இருப்பது

முடிந்தால் கீழ்க்கட்டில், உள்பக்கச் சுவரோரம். ஜன்னலோரக் கட்டிலில் பகலில் காட்சி, இரவில் குளிர்காற்று. துவைத்த துணி கொடைக்கானலில் இரண்டு நாளானாலும் காயாது என்பதால் துவைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, காலுறை மட்டும் நாளுக்கு ஒரு ஜோடி கூடுதலாக எடுத்து வாருங்கள். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து இரவு வைத்தால் காலைக்குள் பாதியாவது உலரும். லாக்கருக்குச் சின்னப் பூட்டு ஒன்று, காதுக்குப் பஞ்சு கொஞ்சம். குறட்டைக்கு நட்சத்திர மதிப்பீடு கிடையாது.

பொதுச் சமையலறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நான் தங்கிய ஒரு விடுதியில் காலை 6:30 மணிக்கு அடுப்பின் முன்னால்தான் எல்லோரும் கூடுவார்கள், சமைக்க அல்ல, குளிர்காய. யாரோ பால் காய்ச்ச, யாரோ ரொட்டி வாட்ட, எந்தப் பஸ் எத்தனை மணிக்கு, எந்த முனையில் மேகம் விலகியது என்ற செய்தி எல்லாம் அங்கேதான் கிடைத்தது. வரவேற்பறையில் ஒட்டியிருந்த பஸ் நேர அட்டை அரதப் பழசு. அந்த அடுப்படியில் கிடைத்த நேரம்தான் சரியாக இருந்தது.

சாப்பாடு

பி.டி. ரோட்டில் திபெத்திய மோமோ முதல் பீட்சா வரை கிடைக்கும், நன்றாகவும் இருக்கும், ஆனால் தினம் இரண்டு வேளை அங்கே சாப்பிட்டால் சிக்கனம் போய்விடும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் மூஞ்சிக்கல் பக்கத்திலும் டிரைவர்கள் சாப்பிடும் மெஸ்கள்தான் நம் இடம். இட்லி, பொங்கல், மதியம் அளவுச் சாப்பாடு, இரவு பரோட்டா. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, மசாலா தடவிய சோளம், கொத்தாகக் கட்டிய கேரட் ஆகியவற்றுக்குத் தினம் 100 ரூபாய் ஒதுக்கிவிடுங்கள். குளிரில் பஜ்ஜி வாசத்தை எதிர்த்து நின்றவரை நான் பார்த்ததில்லை. பருவத்தில் பிளம்ஸ், பேரி, பட்டர் ஃபுரூட் ஆகியவற்றைச் சந்தையில் கிலோக் கணக்கில் வாங்குங்கள், காட்சி முனைத் தட்டுக்கடையில் அல்ல.

தண்ணீருக்குச் சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருந்தால், பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று 2024-இல் அறிவித்திருக்கிறார்கள். தண்ணீரைவிட அதன் உறை விலை கூடிவிட்ட ஊர்.

மூன்று நாள், நடையும் பஸ்ஸும்

முதல் நாளை ஏரிக்குக் கொடுங்கள். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைக்குக் கரை போட்டுத் தேக்கியது இது. நட்சத்திர வடிவம் என்பார்கள். கரையில் நடக்கும்போது நட்சத்திரம் தெரியாது, ஒவ்வொரு திருப்பத்திலும் ஏரி முடிந்துவிட்டதுபோல் காட்டி மறுபடி விரியும். சுற்றுச்சாலை 5 கிலோமீட்டர் அளவு. வாடகை சைக்கிள் கிடைக்கும், ஆனால் காலை 6:30 மணிக்கு, கடைகள் திறக்குமுன், நீரின் மேல் ஆவி எழும்போது நடந்து சுற்றுவதற்கு ஈடாகாது, காசும் கிடையாது. படகு வேண்டுமென்றால் மிதிபடகை நாலு பேராகப் பகிருங்கள். ஏரியிலிருந்து வழியும் நீர்தான் ஊருக்கு வெளியே 8 கிலோமீட்டர் தள்ளி, மலைப்பாதையில் 180 அடி வெள்ளி அருவியாக விழுகிறது. பஸ் ஜன்னலிலிருந்தே பார்த்துவிடலாம். அதில் முகம் கழுவச் சொல்ல மாட்டேன்.

ஏரி முடிந்து பிரையன்ட் பூங்கா. 1908-இல் அமைந்த இந்தப் பூங்காவுக்கு அதை உருவாக்கிய வன அதிகாரியின் பெயர். ரோஜாக்களும் ஒரு கண்ணாடி வீடும் உண்டு. பூவில் ஆர்வமில்லாதவர் வெளியிலிருந்தே வணக்கம் வைத்துவிட்டுப் போகலாம். கோக்கர்ஸ் வாக் அப்படியல்ல. மலைவிளிம்பில் சுமார் ஒரு கிலோமீட்டர் நடைபாதை, 1872-இல் போட்டது. காலை முதல் ஆளாக நுழைந்தால் கீழே சமவெளி பாய் விரித்ததுபோல் கிடக்கும். 10 மணிக்கு மேல் போனால் மேகத்துக்கு டிக்கெட் எடுத்தவராவீர்கள்.

இரண்டாம் நாள் வட்டக்கானல். போகும்போது டாக்சியைப் பகிர்ந்தோ நடந்தோ போய், வரும்போது நடந்தே வாருங்கள். கிராமத்திலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு மரவேர்களே படிக்கட்டாக இருக்கும் பாதையில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இறங்க வேண்டும். இறங்குவது சுகம், ஏறும்போது வழியில் எலுமிச்சைச் சாறு விற்பவர் தெய்வமாகத் தெரிவார். பாறை நுனியில் படம் எடுக்க வரிசை நிற்கிறது. வழுக்கிய கதைகள் உண்டு, மழையில் நுனிக்குப் போகாதீர்கள். அங்கிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய பாதையை யாராவது ஆசை காட்டுவார்கள். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் கால் வைக்க வேண்டாம்.

குணா குகை, தூண் பாறை, பைன் காடு, மோயர் முனை ஆகியவை ஒரே சாலையில் வரிசையாக இருப்பவை. இவற்றுக்கென்று தனி டாக்சி எடுப்பது வீண். ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கை கணக்கில் கூட்டிப்போகும் சுற்றுலா வேன்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கிடைக்கும். அரை நாளில் முடித்துவிடலாம். குகையைக் கம்பிவேலிக்கு வெளியிலிருந்துதான் பார்க்க முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். பைன் மரங்களைவிட அவற்றின் நடுவே படம் எடுப்பவர்கள் அதிகம். நேரம் குறைவென்றால் நான் வெட்டிவிடும் பகுதி இதுதான்.

மூன்றாம் நாளுக்காகத்தான் இவ்வளவும். மேல்மலை கிராமங்களுக்குப் போகும் காலை பஸ்ஸைப் பிடியுங்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று பலகை இருக்கும். டாக்சி ஆயிரங்களில் கேட்கும் அதே சாலைதான், பஸ்ஸில் பத்து ரூபாய் நோட்டுகளில் முடிந்துவிடும். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தின் பக்கமாக வண்டி ஏறும். சூரியக் கரும்புள்ளிகளில் வாயு ஓடுவதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். வண்டிக்குள் உரமூட்டை, பால் கேன், பள்ளிப் பிள்ளைகள், தலையில் துண்டைச் சுற்றிய அம்மாக்கள். ஒரு முறை என் காலடியில் இரண்டு கோழிகள் மன்னவனூர்வரை டிக்கெட் இல்லாமல் வந்தன.

பூம்பாறை 18 கிலோமீட்டர் அளவு. சாலையின் மேட்டிலிருந்து பார்த்தால் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களுக்கு நடுவே ஓட்டு வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும். குழந்தை வேலப்பர் கோயிலில் இருப்பது போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது ஐதீகம். மன்னவனூர் இன்னும் பதினைந்து கிலோமீட்டர் தாண்டி. புல்வெளி, ஒரு ஏரி, மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஒரு நிபந்தனையோடு. இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டு, அதைப் பக்கத்து டீக்கடையில் இன்னொரு முறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாளுக்குச் சில பஸ்கள்தான். கைப்பேசிக் கோபுரங்கள் அங்கே பெயரளவுக்கே. கையில் சில்லறைப் பணம் இருக்கட்டும்.

பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், வண்டியும் வேண்டும். குறைந்த செலவுக்காரர் அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சில எச்சரிக்கைகள்

காட்டெருமை இரவில் ஊருக்குள்ளேயே வரும், பஸ் ஸ்டாண்ட் வரைகூட. பார்க்க எருமைபோல் சாது. அருகில் போய்ப் படமெடுத்து முட்டு வாங்கியவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் சந்துகளில் நடக்காதீர்கள். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சத்தம் போதும், பறித்துவிடும். போதைக் காளான் என்று யாராவது காதோரம் கிசுகிசுத்தால் விலகிப் போங்கள். அது சட்டப்படி குற்றம், போலீஸ் சோதனையும் அடிக்கடி நடக்கிறது. மழைக்காலத்தில் சோலைப் பாதைகளில் அட்டை ஏறும், கொஞ்சம் உப்பைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கும் இறக்கமும்

சீசன் இல்லாத வார நாளில், ஊருக்குள் படுக்கை 500 முதல் 800, மெஸ் சாப்பாடும் டீயும் பஜ்ஜியுமாக 400, உள்ளூர்ப் பஸ், நுழைவுக் கட்டணம், ஒரு பகிர்ந்த சவாரி எல்லாம் சேர்த்து 300. நாளுக்கு 1,200 முதல் 1,500 ரூபாய்க்குள் நான் வழக்கமாக முடிப்பேன். இது தாண்டினால் பெரும்பாலும் டாக்சியில்தான் தாண்டியிருக்கும்.

கிளம்பும் நாள் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். பையை விடுதியிலேயே வைத்துவிட்டு மதியம்வரை சுற்றலாம், கேட்டால் மறுப்பதில்லை. அந்த நேரத்தில் கடைத்தெருவில் மலைப்பூண்டு வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. தாளோடு கட்டி, புகையில் உலர்த்தியதாகப் பார்த்து வாங்கினால் மாதக்கணக்கில் இருக்கும். சாக்லேட் எல்லா ஊரிலும் கிடைக்கிறது.

இரவு ரயிலைக் கொடைக்கானல் ரோட்டில் பிடிப்பவர்கள் பிற்பகல் 3 மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிட வேண்டும். மலைப்பாதையில் ஒரு லாரி நின்றால் எல்லாம் நின்றுவிடும், வத்தலக்குண்டில் மாறவும் நேரம் வேண்டும். பூண்டைப் பைக்குள் வைக்காமல் வெளியே கட்டித் தொங்கவிடுங்கள். நான் ஒருமுறை ஸ்வெட்டருக்குள் சுற்றி வைத்தேன். அந்த ஸ்வெட்டரை இரண்டு முறை துவைத்த பிறகும் வீட்டில் ரசம் கொதிக்கிறதா என்று கேட்டார்கள்.